ஒண்ணாந்தேதியாரின் சிறுநீர்

விருத்தாசலத்தில் நோயே இல்லாமல் நோய்க்கு அதிகம் பயந்தவர் யார் என்று போட்டி வைத்தால், ஒண்ணாந்தேதியாருக்கு எதிரே நிற்க ஆளே கிடையாது. பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருந்தார். நான் வேலை பார்க்கும் லேபுக்கு மாதம் தவறாமல் முதல் தேதியன்று சிறுநீரோடு வந்து நிற்பார். அதனால் நாங்கள் வைத்த பெயர் அது.

எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. "அப்புறம் எதுக்குங்க ஐயா டெஸ்ட்டு?" என்று முதல் மாதம் கேட்டேன்.

"பச்சப் பொம்மையில விரிசல் கண்ணுக்குத் தெரியாதும்மா. சூளையில வச்ச பொறவுதான் பொளக்கும். முன்னாடியே பாத்துடணும்."

நாங்கள் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவை அவர் நம்பவில்லை. தானே செய்த, மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் கொண்டுவந்தார். அதில் கிருமி இருக்கும் என்றேன்.

"ஆயிரத்து எரநூறு டிகிரியில வெந்த கிண்ணம். ஒங்க டப்பா எத்தினி டிகிரியில வெந்துது?"

அடுத்த மூச்சிலேயே அவரே மாட்டிக்கொண்டார். "அப்பயும் தெரு பைப்புல நல்லாக் கழுவிட்டுதான் புடிச்சேன்."

டப்பாவைக் கையில் திணித்தேன். அதில் கொடுத்தபோதும் கிருமி இருந்தது.

காத்திருந்த நேரத்தில் பெஞ்சையே கலங்கடித்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து சர்க்கரை பார்க்க வந்த ஒருவரிடம், "ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். அந்த மனிதர் முகம் வெளுத்து, சிறுநீரும் கொடுத்துவிட்டுப் போனார்.

தொந்தரவு இல்லாதவரை மாத்திரை வேண்டாம், கிருமி அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார் டாக்டர். ஒண்ணாந்தேதியார் என்னிடம் வந்து குமுறினார்.

"வூட்டுக்குள்ள பாம்பு இருக்குது, இன்னும் கடிக்கல, அது பாட்டுக்கு இருக்கட்டும்னா நீ ஒத்துக்குவியாம்மா?"

எங்கள் ரிப்போர்ட்டில், கிருமியைக் கொல்லும் மருந்துக்கு எதிரே எஸ் என்றும் கொல்லாததற்கு ஆர் என்றும் இருக்கும். அதையே மருந்துச் சீட்டாக நீட்டி, எஸ் போட்ட மாத்திரையை மெடிக்கலில் வாங்கிவிடுவார். மூன்று நாள் விழுங்குவார். வயிறு கலங்கியதும் நிறுத்திவிடுவார். சில மாதங்களில் கிருமி அந்த மருந்துக்குப் பழகி, எஸ் ஆராக மாறியிருக்கும். உடனே அடுத்த எஸ்ஸுக்குத் தாவுவார். ஒவ்வொரு ஆரையும் டைப் செய்தது நான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டைத் தரமாட்டேன் என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும். கல்லை உடைக்கும்போது கிருமி ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து, முதலில் அதை ஒழிக்க வேண்டும் என்றார் டாக்டர். இப்போதுதான் மருந்து உண்மையிலேயே தேவைப்பட்டது. நான் டைப் செய்த தாளில் மேலிருந்து கீழ்வரை ஆர். கடைசியில் ஓர் ஊசிக்கு மட்டும் எஸ்.

வாய் ஓயாத மனிதர் தாளைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இதும் கேக்கலன்னா என்னம்மா செய்யறது?"

"கேக்கும் ஐயா," என்றேன். கேட்குமா என்று எனக்கு எங்கே தெரியும்?

டாக்டர் சொன்ன நாள் வரை ஊசி போட்டார்கள். மறுபடி சிறுநீர் வந்தது. அதை, கிருமி இருந்தால் முளைக்கும் தட்டில் தடவி, இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டருக்குள் வைத்தேன். மறுநாள் காலை அதன் கதவைத் திறக்கக் கை வரவில்லை. டீ குடித்தேன். கழுவிய டியூபுகளையே மறுபடி கழுவினேன். கடைசியில் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றும் முளைத்திருக்கவில்லை. போன் செய்து சொன்னேன்.

"நல்லாப் பாத்தியாம்மா? இன்னொரு நாளு வச்சிப் பாத்துடேன்."

வேறு சமயமாக இருந்தால் கடிந்திருப்பேன். சரிங்க ஐயா என்று போனை வைத்துவிட்டு, தட்டைத் திரும்ப உள்ளே வைத்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவரைவிட எனக்குத்தான் அதிகம் பயமாக இருந்தது.