மூச் மாமாவும் நடுரோட்டில் நிற்கும் வண்டியும்

எந்தச் சத்தத்தையும் அதட்டினால் அடங்கிவிடும் என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் மூச் மாமாதான். மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிர் ஃப்ளாட் அவருடையது. ஒரு சபாவில் ரொம்ப காலம் மைக் பார்த்தவர். கச்சேரி நடுவே சிப்ஸ் பாக்கெட் பிரிப்பவர்களை, ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து "மூச்!" என்று அடக்கி அடக்கி, ஓய்வு பெற்ற பிறகும் அந்த விரல் உதட்டைவிட்டு இறங்கவில்லை.

காக்காயை அதட்டுவார். பக்கத்து வீட்டுக் குக்கரை அதட்டுவார். ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் தக்காளி வேனை வழிமறித்து, பதிவு செய்த குரலைப் பார்த்தே "மூச்!" என்பார். ஒருமுறை மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டும் இயந்திரத்தையே தகரத் தடுப்பின் இடுக்கு வழியாக அதட்டிவிட்டு வந்தார். இயந்திரம் நின்றுவிட்டது. அது அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே அவருக்கு எதிர்வீட்டில் குடித்தனம் நடத்துவது கஷ்டம்.

இப்படிப்பட்டவரை எங்கள் காரில் ஏற்றும்படி ஆனது எங்கள் தலையெழுத்து.

என் மாமனார் திருவான்மியூரில் இருக்கிறார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அடையாறில் பிசியோதெரபிக்கு அழைத்துப்போனால் எழுந்து நடப்பார் என்று டாக்டர் நம்பிக்கை கொடுத்திருந்தார். ஆட்டோவில் அவரை ஏற்றி இறக்குவதற்குள் அவருக்கும் உயிர் போகும், என் மனைவி சுமதிக்கும் உயிர் போகும். அதனால் நாற்பது வயதுக்கு மேல் சுமதி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தெரிந்தவர் மூலமாக ஒரு பழைய வெள்ளைக் காரையும் வாங்கினோம்.

வண்டி நன்றாக ஓடியது. ஓடிக்கொண்டே இருக்கும்போது பொசுக்கென்று நின்றது. முதல் தடவை லஸ் முனையில். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மறுபடி சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. அடுத்தது தேனாம்பேட்டை சிக்னலில். அப்புறம் அப்பாவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவரும்போது அடையாறு பாலத்தின் மேலேயே நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த சுமதியின் புடவை முதுகுப்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது.

நான் ஓட்டிப் பார்த்தேன். வண்டி வெண்ணெயாகப் போயிற்று. மெக்கானிக் பாபுவிடம் விட்டோம். அவர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டி, கோட்டூர்புரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வண்டி ஜம்முனு கீது சார். மேடம் க்ளட்ச்சை பட்டுனு வுட்டுடறாங்கோ. அதான் ஆஃப் ஆவுது."

"நான் விடலை" என்றாள் சுமதி.

"புச்சா ஓட்டறவங்கோ எல்லாரும் அப்டிதான் மேடம் சொல்லுவாங்கோ."

சுமதி திரும்ப எடுத்துப்போனாள், திரும்ப நின்றது. பாபுவிடம் விட்டோம், நிற்கவில்லை. வண்டிக்கும் பாபுவுக்கும் ஏதோ ரகசிய ஒப்பந்தம் இருப்பதுபோல் இருந்தது. என் அண்ணன் போனில், "பொம்பளைங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் சரிப்படும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். சுமதி ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் கை வைக்காமலே சொன்னாள்: "நாளைக்கு ஒரே ஒரு தடவை. வழியில நின்னுச்சுன்னா வண்டிய வித்துடுங்க. இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்."

"அப்பாவுக்கு?"

"தெரியலை" என்றாள்.

எங்கள் வீட்டில் ஊசி விழுந்தாலும் எதிர்வீட்டில் கேட்கும். காலையில் நாங்கள் கீழே இறங்கியபோது, காரின் முன் ஸீட்டுக் கதவருகே வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச் மாமா நின்றார்.

"நான் வரேன். இன்ஜின் நிக்கறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு அபஸ்வரம் வந்தே தீரும். அதை நான் பிடிச்சுடறேன். ஓய், நீர் பின்னாடி உக்காரும். மூச்சு விடறதானா மெதுவா விடும்."

இன்ஜினுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், எனக்கும் நாதஸ்வரத்துக்கும் உள்ள சம்பந்தம்தான். ஆனால் சுமதி கதவைத் திறந்துவிட்டாள்.

வண்டி கிளம்பியதும் ஏ.சி.யை அணைத்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். நான் எச்சில் விழுங்கியதற்குத் திரும்பி முறைத்தார். அடுத்தபடியாக அவர் காதில் விழுந்தது சுமதியின் சாவிக்கொத்து.

அதைப்பற்றிச் சொல்ல வேண்டும். வாசல் கதவு, இரும்பு கேட், பீரோ, மொட்டைமாடி, அப்பா வீட்டுப் பூட்டு, ஸ்கூட்டர் எல்லாவற்றின் சாவியும் அதில் உண்டு. போதாததற்கு, பழனியில் வாங்கிய கனமான பித்தளை வேல் ஒன்று. இடுப்பில் செருகினால் புடவையே ஒரு பக்கம் இறங்கும். அந்தக் கொத்தில்தான் கார் சாவியும் இருந்தது. வண்டி ஆடும்போதெல்லாம் அது கலகலவென்று ஆடியது.

"மூச்!" என்று கொத்தை அதட்டினார் மாமா. அது கேட்கவில்லை. கையை நீட்டி மொத்தக் கொத்தையும் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டார். சத்தம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

கிரீன்வேஸ் ரோடு சந்திப்பு வந்தது. சுமதியின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கின. நிற்கவில்லை. பாலத்தின் மேல் ஏறினோம். பக்கத்திலேயே ஒரு தண்ணீர் லாரி. நான் தெரிந்த சாமி பெயரையெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். நிற்கவில்லை. "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு" என்றார் மாமா. அடையாறு தாண்டியதும், "இல்லை, வயரை எலி கடிச்சிருக்கு" என்றார். திருவான்மியூர் போய்ச் சேரும்வரை வண்டிக்கு அவர் சொல்லாத வியாதி இல்லை. வண்டிதான் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"பாத்தியா? நான் உக்காந்ததும் பயந்துடுத்து" என்றார்.

மாமனாரைத் தூக்கி என் பக்கத்தில் உட்காரவைத்தோம். சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்தோம். மாமா பழையபடி கொத்தைப் பிடித்துக்கொள்ள, அடையாறை நோக்கித் திரும்பினோம். சுமதியின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட வந்தது.

பெரிய சந்திப்பில் சிக்னல் பச்சையானது. பாதி தாண்டியிருப்போம். மாமாவுக்குத் தும்மல் வந்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இன்ஜின் செத்துப்போனது.

நட்டநடுச் சந்திப்பு. பின்னால் ஒரு தண்ணீர் லாரி எங்கள் டிக்கியை முத்தமிடாத குறையாக வந்து நின்று ஹாரனை அலறவிட்டது. இடது பக்கம் பஸ், வலது பக்கம் ஆட்டோக்கள்.

"இன்னாமா, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று லாரி டிரைவர் கத்தினார்.

"நான் க்ளட்ச்சை விடலை. சத்தியமா விடலை" என்றாள் சுமதி. ஹாரன் சத்தத்தில் சாவியைத் திருப்பவே மறந்துவிட்டாள். என் மாமனார் தம் நல்ல கையை நீட்டி அவள் தோளைத் தொட்டார். "போதும்மா... வித்துடலாம்" என்றார் குழறலாக. அவள் கண் நிறைந்துவிட்டது. எந்த நேரமும் எவனாவது வந்து இடிக்கப்போகிறான் என்று பின்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அந்தக் காட்சியைக் கண்டேன். எப்போது இறங்கினாரோ, மாமா லாரிக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். விரலை உதட்டில் வைத்து அண்ணாந்து பார்த்து, "மூச்!" என்றார்.

லாரியின் ஹாரன் நின்றது. அதைப் பார்த்துப் பஸ்ஸும் நிறுத்தியது. டிரைவர் வெளியே எட்டிப்பார்த்து, "சரி நைனா... கோச்சுக்காத" என்றார். என் வாழ்க்கையில் அடையாறு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மாமா உள்ளே வந்து உட்கார்ந்தார். "நான் தும்மறதுக்கு முன்னாடி இன்ஜின் சரியாத்தான் பாடிண்டிருந்தது. சுருதி பிசகவே இல்லை. நான் கையை எடுத்தேன், நின்னுது. ஸ்டார்ட் பண்ணு."

வண்டி கிளம்பியது. ஓரமாக நிறுத்தச் சொன்னார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, தொங்கும் கொத்தை ஒரு விரலால் கீழ்நோக்கிச் சுண்டினார். இன்ஜின் நின்றது. மறுபடி கிளப்பினாள், மறுபடி சுண்டினார். நின்றது. கொத்தைக் கையில் தாங்கிப் பிடித்தார். ஓடிக்கொண்டே இருந்தது.

மாமா சாவித்துவாரத்தையும் கொத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுமதி, பாபுகிட்ட வண்டி விடறச்சே கொத்தோடயா குடுத்தே?"

"வீட்டுச் சாவியெல்லாம் யாராவது வெளியாள்கிட்ட குடுப்பாங்களா மாமா? கார் சாவியை மட்டும் கழட்டித்தான் குடுத்தேன்."

நான் ஓட்டியதோ, ஆணியில் தனியாகத் தொங்கும் மாற்றுச் சாவியை வைத்து. ஆக, கொத்தின் முழுக் கனத்தோடும் வண்டியை ஓட்டியது அவள் ஒருத்திதான். சாவி போடும் இடம் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கொத்து இழுத்து, தானாகவே சாவி அணைகிற பக்கம் திரும்பியிருக்கிறது.

சுமதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து விசும்பி விசும்பி அழுதாள். "அப்பா, நான் இல்லைப்பா... நான் ஒழுங்காத்தான் ஓட்டினேன்" என்றாள். மாமனார் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு மலர்ந்தது. மூச் மாமாவுக்குத்தான் வருத்தம். அபஸ்வரத்தை அத்தனை நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு இன்ஜினில் தேடியது அவருக்கு அவமானமாகிவிட்டது.

சாவி போடும் அந்த ஸ்விட்சை பாபு மாற்றிக் கொடுத்தார். "கொத்து இம்மாம் பெருசா கீதுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா மேடம்?" என்று எங்களையே கோபித்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள் காபி கொடுக்கும்போது சுமதி மாமாவிடம் கேட்டாள். "எல்லாரும் என்னைத்தான் சொன்னாங்க. நீங்க மட்டும் எப்படி என்னை நம்பி ஏறினீங்க?"

"தினம் நீ கீழே வண்டி எடுக்கற சத்தம் எங்காத்துல கேக்கறதே. ஒரு குலுக்கல் கிடையாது, உறுமல் கிடையாது. அப்படி எடுக்கறவ நடுரோட்டில க்ளட்ச்சை விடுவாளா? இவாளுக்கெல்லாம் காது கிடையாது" என்று என்னைக் காட்டினார். நான் காபியில் கவனம் செலுத்தினேன்.

போன மாதம் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். மகன் புனேயிலிருந்து வந்து பெரிய டாக்ஸி ஏற்பாடு செய்திருந்தான். மாமா ஏற மறுத்துவிட்டார். "சுமதி ஓட்டினா வரேன். இல்லைன்னா இந்தக் கண்ணே போதும்" என்றார். சுமதிதான் ஓட்டினாள். மகனும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். திரும்பி வரும்போது, ஒரு கண்ணில் கட்டோடு முன் ஸீட்டில் மாமா தூங்கிப்போனார். முந்தின ராத்திரி முழுக்கப் பயத்தில் தூங்கவே இல்லை என்று மகன் மெதுவாகச் சொன்னான். எங்கள் தெரு வந்தது. சுமதி வண்டியை உள்ளே திருப்பவில்லை. மனுஷர் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று மயிலாப்பூர் மாட வீதிகளை, பள்ளம் பார்த்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம்.