முயலுக்கு நேர்ந்த கதி

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்பதில்லை என்பதைக் கல்விக் கந்தோர் ஒருநாள் கண்டுபிடித்தது. பெற்றாருக்கு முன்பே தெரியும்தான். ஆனால் கந்தோர் கண்டுபிடித்தால்தானே உண்மை. உடனே சுற்றுநிருபம் வந்தது: 'தரம் ஒன்று மாணவரின் செவிமடுத்தல் திறனை அசைவூட்டக் காணொளிகள் வாயிலாக மேம்படுத்துக.' கார்ட்டூன் போடுங்கள் என்பதை அரசாங்கம் அப்படித்தான் சொல்லும்.

தரம் ஒன்றுக்குப் படிப்பித்த கொன்ஸ்ரன்ஸ் ரீச்சருக்கோ வேறு கவலை. வகுப்பறைக் கூரை ஒழுகி ஒழுகி, முன்வரிசைக்கு மேலே சீலிங் பலகை வயிறு தள்ளி நின்றது. அது பிள்ளைகளின் தலையில் விழுந்துவிடுமோ என்று மழை நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. எழுதிப் பார்த்தார், போன் எடுத்துப் பார்த்தார், கடைசியில் நேரே போய் நின்றார்.

பணிப்பாளர் ஜாபிர் நல்ல மனிதர். பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, செவிமடுத்தலின் அவசியத்தை மதியம்வரை விளக்கினார். இடையில் ரீச்சர், "சேர், அந்தக் கூரை..." என்றார்.

"மிஸ், மனுசன் வாயால சொன்னா இப்ப யாரு கேக்கிற? வீடியோவில சொன்னாத்தான் மண்டைக்குள்ள போகும்."

பாவம், ரீச்சர் அதை நம்பிவிட்டார். தங்கை மேபலும் அவருமாகக் கொம்பியூட்டரில் ஒரு கார்ட்டூன் செய்தார்கள். முயல்களின் பள்ளிக்கூடம் ஒழுகுகிறது. முயல் ரீச்சர் போய்ப் போய்ச் சொல்கிறார். யானை அதிகாரி அத்தனை பெரிய காதுகளையும் விசிறியாக்கிக் காற்று வாங்குகிறார். கடைசியில் பலகை விழுகிறது. யானைக்கு ஜாபிரின் மூக்குக்கண்ணாடியையே மாட்டிவிட்டிருந்தார்கள்.

கந்தோரே கூடிப் பார்த்தது. ஜாபிர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"இப்பிடியும் ஒரு அதிகாரி இருப்பானா மிஸ்? அந்த யானைக்கு வெக்கமில்லையா?"

காணொளிக்கு முதற்பரிசு. எல்லாப் பாடசாலைக்கும் அது போனது. 'யானை ஏன் கேட்கவில்லை?' என்று பரீட்சையில் கேள்வியும் வந்தது. அதற்கு வெள்ளவத்தையில் ரியூஷன் தொடங்கினார்கள். ரீச்சருக்குப் பரிசாக, சுவரில் படம் காட்டும் ஒரு மல்ரிமீடியா கிடைத்தது. அதைச் சீலிங்கில்தான் தொங்கவிட வேண்டுமென்பது விதி. அந்தப் பலகையிலேயே தொங்கவிட்டார்கள்.

பணிப்பாளர் தலைமையில் நடந்த திறப்பு விழா அன்று நல்ல மழை. பின்னால் பெற்றார் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். முயல் நனையத் தொடங்கியபோது, முன்வரிசையிலிருந்த றமீலா கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், மேல என்னவோ முறியுற சத்தம் கேக்குது."

ரீச்சர் பணிப்பாளரை ஒருதரம் பார்த்தார். பிறகு உதட்டில் விரலை வைத்தார்.

"கதைக்கப்படாது மகள். வீடியோவைக் கவனியுங்கோ."

றமீலா எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் போனது. இவ்வளவு செலவழித்தும் இந்தப் பிள்ளைகள் கேட்கப் பழகவில்லையே என்று ஜாபிர் மிகவும் வருந்தினார். பெற்றாருக்கும் ரீச்சருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பிறகு, முயல் வடிவாகத் தெரியட்டும் என்று, பெரியவர்கள் எல்லாரும் காலியான முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.