சம்பந்தி வீட்டு மில்காரருக்கு நான் விட்ட எள்ளுத் தண்ணீர்

காட்டுப்பாக்கம், சென்னை.
வைகாசி அமாவாசைக்கு மறுநாள்.

மகாகனம் பொருந்திய சம்பந்தி வால்டர் பிக்கெட் அவர்கள் சமூகத்துக்கு, லோகநாதன் நமஸ்காரம் பல சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம். வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் வேறு யாருடைய நலத்தையும் எழுத வழியில்லை. அங்கு தங்கள் நலமும், சம்பந்தியம்மாள் நலமும், மருமகள் எமிலி, என் மகன் கிரண் நலமும், தங்கள் எள்ளுத்தாத்தாவாகிய மரமறுக்கும் மில் முதலாளி, காலஞ்சென்ற ஹைராம் பிக்கெட் அவர்களின் நலமும் அறிய ஆவல். பெரியவரை முதலில் விசாரிக்காததற்கு மன்னிக்கவும். நம் இரண்டு குடும்பத்திலும் இன்றைக்கு அவருக்குத்தான் மவுசு.

போன ஆவணியில் என் சம்சாரம் கமலம் தவறியபோது, கிரண் அமெரிக்காவிலிருந்து விமானம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி நான்தான் வைத்தேன். கருமாதிக்கு வந்து சேர்ந்தவன், "வருஷத் திதிக்குக் கண்டிப்பா வரேம்ப்பா, அம்மாவுக்கு நான் என் கையால செய்யணும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது, "சும்மா உட்கார்ந்திருந்தா உங்களுக்கு அம்மா நெனப்பாவே இருக்கும். எமிலியோட அப்பா அவங்க வம்சத்தைத் தேடிக்கிட்டு இருக்கார். மில் வச்சிருந்த தாத்தா ஒருத்தராம், எங்க பொறந்தார், எப்படி அந்த ஊருக்கு வந்தார்னே தெரியலையாம். நீங்க இன்ஸ்பெக்‌ஷன் ஆளாச்சே, கம்ப்யூட்டர்ல தேடிக் குடுங்களேன்" என்று ஒரு வேலையையும் தலையில் கட்டிவிட்டுப் போனான். துக்கத்துக்கு மருந்தாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற கம்பெனியில் ரிட்டயர் ஆகும்வரை இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். ஒரு நூல் பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். முதலாளியே வந்து கெஞ்சினாலும் பொய்யாக ஓர் அளவு எழுதியதில்லை. அந்த வீம்போடு தங்கள் தாத்தாவைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்தேனா, அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பழைய பேப்பர், சர்ச் பதிவு, கோர்ட்டுக் கட்டு என்று கம்ப்யூட்டரில் எதையெல்லாம் ஏற்றிவைத்திருக்கிறார்களோ அத்தனையிலும் அவர் பின்னாலேயே அலைந்தேன். மனுஷர் வெர்மான்ட்டில் பிறந்து, விஸ்கான்சின் காட்டுக்கு வந்து, ஆற்றை மறித்து, தண்ணீரில் சக்கரம் சுற்றி ரம்பம் ஓட்டியிருக்கிறார். மில் எரிந்திருக்கிறது, திரும்பக் கட்டியிருக்கிறார், மறுபடி எரிந்திருக்கிறது. ரம்பத்துக்கு விரல் கொடுத்திருக்கிறார். அவர் கட்டிய அணையால் பக்கத்துக்காரன் புல்வெளி முழுகி, அவன் கேஸ் போட்டிருக்கிறான். எங்கள் பக்கம் இதெல்லாம் தலைகீழ். நாங்கள் ஏரியைத் தூர்த்துப் பிளாட் போடுவோம். மழைக்காலத்தில் ஏரி கோர்ட்டுக்கெல்லாம் போகாமல் நேரே எங்கள் கூடத்துக்கு வந்துவிடும்.

எதிர்வீட்டுத் துலுக்கானம் இந்த ஊர்க்காரர். எங்கள் பிளாட் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம்தான் கத்தரி போட்டதாம். தினமும் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னா சார், ரம்பக்காரன் கெட்ச்சானா?" என்பார். "செத்துப்போன வெள்ளக்காரனுக்காக நீ இன்னாத்துக்கு சோறு தண்ணி இல்லாம குந்திகினு கீற? ஒன் ஊட்டுப் பெரிய தலைங்க பேராச்சும் தெரியுமா ஒனக்கு?" என்று ஒருநாள் கேட்டார். வேலையைப் பாருமய்யா என்று ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த ஆள் வாயில் என்ன முகூர்த்தத்தில் வந்ததோ. தை அமாவாசைக்கு எங்கள் முன்னோருக்குத் தர்ப்பணம் விடக் குளக்கரையில் போய் உட்கார்ந்தேன். சம்பந்தி, எங்களில் இது ஒரு வழக்கம். செத்தவர்கள் பேரை வரிசையாகச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். விட்டால் அவர்கள் தாகம் தீரும். வாத்தியார் "அப்பா பேர்?" என்றார். பச்சையப்பன். "தாத்தா?" ஏகாம்பரம். "கொள்ளுத்தாத்தா?" எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டதா, எப்போதுமே தெரியாதா, அதுகூடத் தெரியவில்லை. "சீக்கிரம் சொல்லுங்கோ, பின்னால கூட்டம் நிக்கறது" என்று அவர் அவசரப்படுத்த, என் வாயிலிருந்து கணீரென்று வந்தது: "ஹைராம் பிக்கெட்!" வாத்தியார் ஒரு தினுசாகப் பார்த்தார். "கோத்திரம்?" என்றார். "விஸ்கான்சின்" என்றேன். அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! மந்திரத்தைச் சொல்லி மூன்று தரம் எள்ளுத் தண்ணீர் விட வைத்துவிட்டார். பின்னால் நின்ற துலுக்கானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நல்லா கீது சார் ஒன் நாயம்! ஒங்க பெரியவரு நாக்கு வறண்டுகினு நிக்கறாரு, நீ எவனுக்கோ ஊத்திட்டு வர!" என்றார். வீடு வரும்வரை சிரித்தார்.

தண்ணீர் வாங்கிக் குடித்த நன்றியோ என்னவோ, மாசியில் பெரியவர் தன் பிறந்த தேதியைக் காட்டிக் கொடுத்தார். வெர்மான்ட்டில் ஒரு சர்ச், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, ஆகஸ்ட் மாதம். வரப்போகிற ஆகஸ்டில் அவருக்கு இருநூறு நிறைகிறது என்று கிரணுக்குப் போன் போட்டுக் கூவியவனும் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும். உடனே தாங்கள் எட்டுத் திக்கிலிருந்தும் பிக்கெட்டுகளைக் கூட்டி விழா எடுப்பதென்று முடிவு செய்தீர்கள். எந்த வாரம்? என் கமலத்துக்குத் திதி வருகிற அதே வாரம்.

"ஸாரிப்பா, நான் வர முடியாது போலிருக்கு. ஸ்லைடு ஷோ நான்தான் பண்றேன். உங்க ரிசர்ச்தாம்ப்பா ஹைலைட்டே!" என்றான் கிரண்.

"அம்மா திதி?"

"நீங்க செஞ்சிடுங்கப்பா. நான் வீடியோ கால்ல பார்த்துக்கறேன்."

தாங்களும், எல்லோருக்கும் வசதியான ஒரு சனி ஞாயிறுக்கு அந்தச் சடங்கை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று வெகு அன்பாகக் கேட்டு எழுதியிருந்தீர்கள். சம்பந்தி, திதி என்பது சந்திரன் கணக்கு. அவள் போன அன்று வானத்தில் நிலா எப்படி இருந்ததோ அப்படித் திரும்பி வருகிற நாள். அதை மாற்ற வேண்டுமானால் நிலாவிடம்தான் லீவு லெட்டர் கொடுக்க வேண்டும். உங்கள் பெரியவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் குடியா முழுகிவிடும்? என் பெண்டாட்டி போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, ஐயா. அவள் பெற்றது ஒரே பிள்ளை.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவரின் மனைவி இறந்த அன்று அந்த ஊர்ப் பேப்பரில் போட்டிருக்கிறான்: பிக்கெட் மில்லின் ரம்பம் இன்று ஓடவில்லை, ஆற்றின் சத்தம் கேட்டது என்று. மில் எரிந்தபோதும் கலங்காத மனுஷர், பெண்டாட்டிக்காக ரம்பத்தை நிறுத்தியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நான் கம்ப்யூட்டர் முன்னாலேயே விம்மி அழுதேன். அவரைப் பற்றி நான் தேடிக் கொடுத்ததெல்லாம் கிரண் ஸ்லைடில் இருக்கிறதாம். இது இல்லையாம். "சோகமா இருக்குப்பா, வேணாம்" என்கிறான். என்ன பிள்ளை சார் இது? வயிறு எரிகிறது எனக்கு. ஊர் உலகத்துத் தாத்தாவையெல்லாம் தேடிப் பிடித்துவிட்டேன், பெற்ற பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். எமிலி தங்கமான பெண், தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும். கூட வருகிற பொட்டலத்தில் வடகம் இருக்கிறது. கமலம் போட்டதில் மிச்சம் அவ்வளவுதான். கிரணுக்கு உயிர். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்களுக்கு என்றும் கட்டுப்பட்ட,
உயிரோடிருக்கிற சம்பந்தி,
லோகநாதன்

பி.கு.: மேலே எழுதியதில் ஒரு வரிகூடத் தங்களுக்குப் புரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன். கிரண் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவன், அவனுக்கும் தமிழ் படிக்க வராது. போனில் படம் பிடித்தால் மொழிபெயர்க்குமாம். என் கையெழுத்தை என் மேனேஜரே படித்ததில்லை, போனா படிக்கும்? தாங்கள் படிக்க வேண்டியது இத்துடன் இருக்கிற இங்கிலீஷ் தாள். அதில் எழுதியிருப்பது இதுதான்: "இங்கு எல்லோரும் நலம். பெரிய பிழை நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும். ஆகஸ்டில் பிறந்தது அதே பேருள்ள பெரியப்பா மகன். நம் ஹைராம் பிறந்தது நவம்பர். விழாவைத் தள்ளி வைக்கவும்." அவர் பிறந்தது ஆகஸ்டுதான், சத்தியமாக. ஆனால் அந்தப் பதிவைத் தேடிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். வாழ்நாளில் நான் எழுதிய முதல் பொய் அளவு இது. பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என் கையால் எள்ளுத் தண்ணீர் வாங்கிக் குடித்தவர், என் கமலத்துக்காக ஒரு மூன்று மாதம் தள்ளிப் பிறக்க மாட்டாரா?