தவசியின் கால் நாடி

சிம்மக்கல், மதுரை
12.6.1989

கொட்டாம்பட்டி மச்சான் காசிமாயன் அவர்களுக்குச் சுருளி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு உங்கள் தங்கச்சியும் பிள்ளை தவசியும் நானும் சுகம். சுகம் என்பதை இந்த முறை மெட்ராஸ் டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் எல்லோரும் நன்றாயிருக்க அழகர் துணை.

போலீஸ் வேலைக்கு உடம்பைச் சோதித்தபோது தவசிக்குக் கையில் பிரஷர் எக்கச்சக்கம், காலில் நாடியே காணோம் என்றார்கள். இருதயத்திலிருந்து கீழே இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் சுருங்கியிருந்ததாம். அதைக் கேட்டதும் நீங்கள், "சீக்காளிக்கு எம் மக பாண்டியம்மாளைக் குடுக்க மாட்டேன்" என்று பேசிவைத்த கல்யாணத்தையே நிறுத்தினீர்கள். இப்போது கேளுங்கள். தொடை இடுக்கில் சின்ன ஓட்டை போட்டு, மெல்லிய குழாயை நெஞ்சுவரை விட்டு, அதன் நுனியிலிருந்த பலூனை ஊதிச் சுருக்கத்தை விரித்துவிட்டார்கள். நெஞ்சில் கத்தியே படவில்லை. டாக்டர் என் விரலை எடுத்து அவன் பாதத்தின்மேல் வைத்தார். இருபத்துநாலு வருஷமாக இல்லாத நாடி துடிக்கிறது மச்சான், நான் அழுதேவிட்டேன். நம் வகையறாவில் எவன் பிள்ளைக்கு இப்படி நடந்திருக்கிறது?

ஊர் வந்து சேர்ந்தால், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த சனமெல்லாம் நெஞ்சில் தழும்பைத் தேடுகிறது. இருக்கிற பொட்டுத் தழும்போ பெண்கள் முன்னால் காட்டுகிற இடத்தில் இல்லை. என் அக்கா இருளாயி, "மெட்ராஸச் சுத்திப் பாத்துட்டு வந்து ஆபரேசன்னு அளக்குறாய்ங்க" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டது. விடுவேனா? வந்தவர்களையெல்லாம் தவசியின் காலைத் தொட்டு நாடி பார்க்க வைத்தேன். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி விருமாண்டியும் வந்தான். தோள் துண்டு நழுவுகிறதென்று இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் குனிந்த நேரம் பார்த்து, வாசலில் போனவர்கள் அவன் சின்னப்பயல் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாகப் பரப்பிவிட்டார்கள். விருமாண்டி பஞ்சாயத்துக் கூட்டப்போகிறானாம். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, இருக்கட்டுமே.

ஆகவே நீங்களும் நேரில் வந்து, குனிந்து, நாடி பார்த்து, "எம் மகளக் கட்டிக்கங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதுவரை உங்கள் வாசற்படியை மிதிக்க மாட்டேன். சுருளி ரோஷக்காரன் என்பது உங்களுக்கே தெரியும்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, சிறுசுகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நிற்கும்
சுருளி

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது பாண்டியம்மாள் தனியாக பஸ் ஏறி வந்து நின்றாள். தழும்பும் கேட்கவில்லை, நாடியும் பார்க்கவில்லை. தவசியிடம், "முன்ன மாதிரி தல வலிக்குதா மாமா?" என்றாள். "இல்ல புள்ள" என்றான். "எங்கப்பா வேற எடம் பாக்குறாரு" என்று தேம்பித் தேம்பி அழுதாள். மச்சான், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்களே தட்டோடு பெண் கேட்டு வருகிறோம். வாசலில் நிற்க வைத்துவிடாதீர்கள்.