சவர்க்கார மாஸ்டரும் எட்டாவது துளையும்

கண்டியில் என்னைக் காத்திருக்க வைத்த ஒரே மனிதர் சவர்க்கார மாஸ்டர்தான். பெரிய பெரிய ஆட்களே என் பட்டறைக்கு வந்தால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் என்னைப் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்போடு பன்வில தோட்டத்தை விட்டு இறங்கி, குண்டசாலையில் உலோகம் துளைக்கும் கம்ப்யூட்டர் மிசின் போட்டவன் நான்.

அந்த மிசினை ஓட்ட யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் மாஸ்டர். வட்டத்தின் நடு எது, அகலம் எவ்வளவு, எத்தனை துளை என்று திரையில் எண்களைக் குத்தினால் போதும், மிசினே சமமாகப் பிரித்துத் துளைத்துவிடும். மற்றவர்கள் பட்டனை அமத்துவார்கள். இவர் கடைக்குப் போவார். நீளக்கட்டிச் சவர்க்காரம் வாங்கி, மிசினில் அடுக்கி இறுக்கி, முதலில் அதில் துளைத்துப் பார்ப்பார். நாலே நாலு துளை போடும் வேலைக்கும் அதே கதைதான். மிச்சத்தை என் மனைவி துணி துவைக்க எடுத்துக்கொள்வாள். "ஒங்க ஊர்ல ஓட்டை இல்லாத சவர்க்காரம் விக்கிறதில்லையா?" என்று வீட்டுக்கு வந்த சம்பந்தி கேட்டுவிட்டார்.

ஒருநாள் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலை ஆலையில் கொழுந்து உருட்டும் மிசின் நின்றுவிட்டது. அதன் வெடித்த தட்டோடு ஆலை டிரைவர் வந்து நின்றார். புதிது செய்ய என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெண்கலத் துண்டு. அந்தக் கனத்தில் கண்டி முழுக்கத் தேடினாலும் வேறு கிடையாது. நாலு மணிக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பிந்தினால் அன்றைய கொழுந்து குப்பைக்குத்தான்.

பழைய தட்டை நானே பார்த்தேன். எட்டுத் துளை, சம இடைவெளி. அடிமட்டம் வைத்து அளப்பது எனக்கு எதற்கு, கண் இருக்கிறது.

"மாஸ்டர், பட்டன அமத்துங்க."

"ஓம் முதலாளி. முதல்ல சவர்க்காரம்."

"நான் பாத்தது பிழைக்காது."

"அப்ப சவர்க்காரமும் பிழைக்காது. ஏன் பயப்பிடுறீங்கள்?"

நான் சொன்ன கணக்கில் துளைத்த சவர்க்காரத்தின்மேல் பழைய தட்டை வைத்து போல்ட்டுகளை இறக்கினார். ஏழு வழுக்கிக்கொண்டு போயின. எட்டாவது முட்டி நின்றது.

"இதொண்டு தள்ளியிருக்கு, முதலாளி. தட்டை மாறிப் பூட்டக்கூடாதெண்டு வேணுமெண்டே அப்பிடிப் போட்டிருக்கினம்."

நான் கூரையைப் பார்த்தேன். அவர் எட்டில் ஒன்றை நீக்கி, அதற்கு மட்டும் தனியாக இடம் குறித்துக் கொடுத்துவிட்டு வெண்கலத்தை ஏற்றினார். எட்டும் பொருந்தின.

"ஏங்க இவ்வளவு நேரம்? ஆலையில டீமேக்கர் தொர ஏசப்போறாரு," என்றார் டிரைவர்.

நான் வாயைத் திறக்குமுன் மாஸ்டர் சொன்னார்: "முதலாளிதான் சவர்க்காரத்தில போட்டுப் பாக்கச் சொன்னவர். அவர் அவசரப்படுற ஆளில்லை."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கத் தட்டு வண்டியில் ஏறியது. நிதானக்காரர் என்ற பெயர் அந்தப் பக்கம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

போன வருடம் மாஸ்டர் பார்வை மங்கி ஊரோடு போய்விட்டார். புதிதாக வந்தவர் துளைக்குமுன்பே எல்லாவற்றையும் திரையிலேயே ஓட்டிக் காட்டுகிறார். சவர்க்காரம் வேண்டாமாம். சரிதான். ஆனாலும் மாதம் ஒருமுறை நானே மிசினில் நின்று சவர்க்காரம் துளைத்து, மாஸ்டருக்குப் பார்சல் கட்டி, யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். ஏழு துளை சமமாக. எட்டாவதை மட்டும் கொஞ்சம் தள்ளி.