தம்பிக்கு நான் கொடுத்த சிவப்பு அட்டை

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இந்த உலகத்தில் நிரபராதி என்று ஒருவரும் கிடையாது. வீட்டில் யாராவது பால் பாத்திரத்தைத் தட்டிவிடுவது படத்தில் மாட்டினால், வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். கை திட்டம் போட்டுக் கிளம்பிப்போய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்ததுபோலத்தான் இருக்கும். இதை இன்றைக்கு நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால் கரமனை மைதானத்தில் ஊர் பார்க்க அந்தக் கூத்து நடந்திருக்காது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் சிதம்பரத்துக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். சாயங்காலமானால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, விசிலை எடுத்துக்கொண்டு, செவன்ஸ் ஆட்டங்களுக்கு ரெஃபரியாகப் போய்விடுவார். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தாட்டம் அது. முறைப்படி பரீட்சை எழுதித் தேறிய ரெஃபரி இவர். மைதானத்தில் இவரைக் குருடன் என்று திட்டியவர்கள் உண்டு, செவிடன் என்று திட்டியவர்களும் உண்டு. ஒருபக்கம் சாய்கிறவர் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு பெயரை இவர் நகைபோலப் பாதுகாத்தார்.

அந்த வருஷம் எங்கள் குடியிருப்போர் சங்கம் நடத்திய போட்டியில் பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகளான கரமனையும் ஆரியசாலையும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. நான் பிறந்த கரமனையின் அணியில் என் தம்பி மகேஷ் ஆடினான். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஆரியசாலைக்காரர்களுக்கு இவர் கரமனை மாப்பிள்ளை. கரமனைக்காரர்களுக்கு இவர் ஆரியசாலை வியாபாரி. ஆரியசாலை கேப்டன் செந்தில் (என்னிடம் படித்தவன்தான்) வீட்டுக்கே வந்துவிட்டான்.

"சாரே, ஒண்ணும் தப்பாத் தோணப்பிடாது. மச்சினன் ஆடுத மேட்சுக்கு அத்தான் விசில் ஊதினா ஆளுக பேசும்."

"அப்ப வேற ஆளைப் போட்டுக்கோங்கப்பா" என்று இவர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி தோசையைப் பிட்டு வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே செந்திலைக் கூப்பிட்டேன்.

"கேமரா வைங்க. டிவியில பாக்கலியா? சந்தேகம் வந்தா ரெஃபரி ரெண்டு விரலால காத்துல ஒரு பெட்டி வரைஞ்சுட்டு, ஓடிப்போய் வீடியோ பாக்காருல்லா? அதே மாதிரி நாமளும் பாப்போம்."

வீடியோவுக்கு முன்னால் யார் உட்காருவது என்று பேச்சு வந்தது. "டீச்சர் இருந்தா எங்களுக்குச் சம்மதம். டீச்சர் சொல்லுததுதான் முடிவு" என்று செந்திலே சொல்லிவிட்டான். அதற்குக் காரணம் உண்டு. மகேஷ் ஒன்பதாம் வகுப்பில் என்னிடமே படித்தபோது, பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்தான் என்று எழுப்பி வெளியே நிறுத்தியவள் நான். (அவன் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை என்பது அவன் கட்சி.) சொந்தத் தம்பியையே விடாதவள் என்ற அந்தக் கீர்த்தி ஆரியசாலை வரைக்கும் போயிருந்தது. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

கல்யாண வீடியோ எடுக்கும் மலையாளி ஷிபு இரண்டு கேமராவோடு வந்தான். ஒன்று கோல் கம்பத்துக்குப் பின்னால். இன்னொன்று மண்டபங்களில் நம் தலைக்கு மேலே வந்து இலையில் என்ன மிச்சம் வைத்திருக்கிறோம் என்று எட்டிப் பார்க்குமே, அந்த ராட்சசக் கை. எனக்கு ஒரு பந்தல், மேஜை, சின்ன டிவி. மேஜைமேல் ஒரு சிவப்புப் பேனாவும் வைத்திருந்தேன். (எதற்கு என்று கேட்காதீர்கள்.)

முதல் பாதியில் ஒரு பெனால்டி சந்தேகம் வந்தது. இவர் காற்றில் பெட்டி வரைந்துவிட்டு ஓடி வந்தார். போட்டுப் பார்த்தால், அந்த நேரத்தில் சங்கத் தலைவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். முழுவதும் குடித்து, துண்டால் மீசையைத் துடைக்கும்வரை பிரமாதமான படப்பிடிப்பு.

"எங்கேடா பந்து?"

"டீச்சரே, எல்லாரோட முகமும் கவர் செய்யணும்லோ! இல்லெங்கில் பின்னே பரிபவம் பறயும்" என்றான் ஷிபு. விட்டுப்போனவர்கள் அவன்மேல் வருத்தப்படுவார்களாம். நான் போட்ட சத்தத்தில், அதற்குப் பிறகு கோல் பக்கத்துக் கேமராவைப் பந்தை விட்டு நகர்த்தவே இல்லை அவன்.

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியும் நேரம். செந்தில் அடித்த பந்து கோலுக்குள் போகிற வழியில் மகேஷின் கையில் பட்டு வெளியே போனது. மகேஷ் அப்போது விழுந்துகொண்டிருந்தான். பக்கத்திலேயே நின்ற இவர், தப்பில்லை, கார்னர் என்று கை காட்டினார். ஆரியசாலை மொத்தமும் கத்தியது. இவர் கலங்காமல் பெட்டி வரைந்துவிட்டு என்னிடம் வந்தார்.

மெதுவாக ஓட்டச் சொன்னேன். இன்னும் மெதுவாக என்றேன். மகேஷின் கை, பிரசாதம் வாங்கப் போவதுபோல நிதானமாக, பக்தியோடு பந்தை நோக்கிப் போனது. விரல்கள் விரிந்தன. பந்து வந்தது. கை அதைப் பணிவாக வரவேற்றது. எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

"வேணும்னேதான் கை வச்சிருக்கான். பெனால்டி. ரெட் கார்டு."

"கோமதி, அவன் விழுதான். கையைத் தரையில ஊனப் போறான். ஒருக்கா சாதா ஸ்பீடுல போடச் சொல்லு."

"மெதுவாப் பாத்தே இவ்வளவு தெளிவாத் தெரியுது. வேகமாப் பாத்தா புதுசா என்ன தெரியப்போகுது?"

"நான் பக்கத்துல நின்னேன்."

"கேமராவும் பக்கத்துலதான் நின்னுது. என் தம்பின்னு விடச் சொல்லுதியளா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரைந்து சொன்னேன். பந்தலைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு இவரால் என்ன செய்ய முடியும்? என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய்ச் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். மகேஷ் என்னைப் பார்த்து "அக்கா!" என்றான். பெனால்டியைச் செந்தில் கோலாக்கினான். கோப்பை ஆரியசாலைக்குப் போனது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரனைக் கூடுதலாகத் தண்டிப்பதும் ஒருபக்கம் சாய்வதுதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

பரிசளிப்பு முடிந்ததும் ஷிபு தன் தொழில் தர்மப்படி ஹைலைட்ஸ் போட்டான், பெரிய திரையில். ராட்சசக் கை மேலிருந்து எடுத்தது, சாதாரண வேகத்தில். ஆரியசாலைப் பையன் ஒருவன் பின்னாலிருந்து மகேஷை இடிக்கிறான். மகேஷ் விழுகிறான், கை தரைக்குப் போகிறது, பந்து வந்து படுகிறது. கண்ணிமைக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இதில் திட்டம் போட யாருக்கு நேரம்? செந்தில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தன் ஷூவைப் பார்த்தான். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "டீச்சரே, ரீவேல்யுவேஷன் உண்டோ?"

பூமி பிளந்து நான் உள்ளே போகக் காத்திருந்தேன். அதற்குள் அடுத்தது வந்தது. பந்தலில் எங்கள் சண்டை. கல்யாண வீடியோவுக்கு வைத்திருந்த அலங்காரத்தையெல்லாம் ஷிபு இதற்கும் போட்டிருந்தான். காதல் இசை, உதிரும் ரோஜா இதழ்கள், ஓரத்தில் துடிக்கும் ஓர் இதயம். நடுவில் நான் விரலை ஆட்டி ஆட்டி இவரை மிரட்டுகிறேன், மெதுவாக. பிறகு இவர் முகம், திரை நிறைய.

எல்லோரும் விசிலடித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அந்தப் பார்வையில் கோபம் துளிகூட இல்லை. இத்தனை வருஷம் காப்பாற்றிய பெயரை என் கையில் கொடுத்து, 'சரி, நீயே வச்சுக்கோ' என்று சொல்வதுபோல இருந்தது. நான் சொன்னது தப்பு என்று தெரிந்தேதான் திரும்பிப் போயிருக்கிறார்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "அப்ப என்னைப் பாத்தியளே, என்ன நெனச்சுப் பாத்திய?"

"கண்ணுல வெயில் அடிச்சுது."

"அவ்வளவுதானா?"

"ஸ்லோ மோஷன்ல பாத்தா அப்படித்தான் தெரியும்" என்றார்.

செந்தில் மறுநாள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஊதினது ஊதினதுதான், கொண்டு போ" என்று இவர் திருப்பி அனுப்பினார். இதில் வேடிக்கை என்னவென்றால், இவர் பெயர் கெடவே இல்லை. சொந்த மச்சினனையே வெளியே அனுப்பிய மனுஷன் என்று வலியசாலையிலிருந்தெல்லாம் வந்து ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷம் சரியாக ஊதியதற்குக் கிடைக்காத மரியாதை, தப்பாக ஊதிய ஒன்றுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது 'ரீவேல்யுவேஷன் டீச்சர்' என்ற பட்டம். மகேஷ் ஓணம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது யார் யாரைக் குற்றம் சொன்னாலும், சொல்லப்பட்டவர் காற்றில் பெட்டி வரைவார். "சாதா ஸ்பீடுல பாரு, டீச்சர்" என்பார். பள்ளிக்கூடத்திலும் அது என் காதில் கேட்கிறது. ஒரு பையன் தலை திரும்பினால் உடனே எழுப்புவதில்லை. கழுத்து வலியாகவும் இருக்கலாம்.

ஆனால் அந்தக் கடிகாரம் மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பந்து விஷயத்தில் தப்புச் செய்தவள், பரீட்சை விஷயத்திலும் தப்புச் செய்திருந்தால்? போன மாதம் மகேஷ் சாப்பிட வந்திருந்தான். அவியலைப் பரிமாறிவிட்டு, "மகேஷ், அன்னைக்குப் பரீட்சையில உன்னை வெளியே நிறுத்தினேனே, அதுக்கும் சேத்து மன்னிச்சுருடா" என்றேன்.

அவன் வாயிலிருந்ததை விழுங்கினான். அத்தானைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, அது பேப்பரைத்தான் பாத்தேன். கடிகாரம் என் முதுகுக்குப் பின்னாலல்லா இருந்துச்சு."

இவர் சிரிக்கவில்லை. இலையிலிருந்து கையை எடுத்து, காற்றில் ஒரு பெட்டி வரைந்து, விரலை வாசல் பக்கம் நீட்டினார். மகேஷ் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய், வெளிப்படியில் உட்கார்ந்து மிச்ச அவியலைச் சாப்பிட்டான்.