மஞ்சள் ஜாக்கெட்டும் ஜன்னல் சீட்டும்

தம்பையா பாஸ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். திருகோணமலைக்குப் போவது. கட்டாயம் போவது. மனைவி மீனாம்பாளை வீட்டில் விட்டுவிட்டுப் போவது.

இதில் முதல் இரண்டும் சுலபம். சண்டை நின்று, பாதை திறந்து, றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்துகூட வேன் வேனாகக் கோணேஸ்வரத்துக்குச் சனம் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. மூன்றாவதுதான் கொஞ்சம் நுணுக்கமான வேலை. ஆனால் நுணுக்கமான வேலைக்கென்றே பிறந்தவர் தம்பையா. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார்.

தோட்டத்து ஃபெக்டரியில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தச்சரைப் பாஸ் என்பது அங்கே வழக்கம்; அதனால்தான் ஊருக்கெல்லாம் அவர் பாஸ். ஓய்வு பெற்ற கையோடு மரத்தை விட்டுத் துணிக்கு மாறினார். பழைய தையல் மெசின் ஒன்றைத் தேடிப் பிடித்து, லயம் என்ற வரிசை வீட்டின் முன் அறையில் போட்டார். "மரத்த அறுத்தா தூள்தான் மிஞ்சும், துணிய வெட்டினா தலகாணிக்காவது ஆகும்" என்று அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்தார்.

தையலுக்கு அடுத்தபடி அவருக்கு உயிர் பிரயாணம். பஸ் எங்கே போகிறது என்று பார்க்கமாட்டார். ஜன்னலோரம் காலியா என்றுதான் பார்ப்பார். கதிர்காமம் போனார். முன்னேஸ்வரம் போனார். காலி நகரத்துக் கோட்டையைப் பார்க்கப் போய், திரும்பிப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருப்பதைக் கண்டு, கோட்டையைப் பார்க்காமலே ஏறி வந்தார். எல்லாப் பயணமும் தனிப் பயணம். மீனாம்பாள் வாயைத் திறந்தால் ஒரே பதில்தான்.

"ஒனக்குத்தான் வளைவு ஒத்துக்காதே மீனா."

இந்த வளைவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கல்யாணமான புதிதில் இருவரும் இரத்தினபுரிக்குப் பஸ்ஸில் போனார்கள். ஒரு திருப்பத்தில் மீனாம்பாளுக்கு வயிற்றைப் புரட்டியது. முன் சீட்டில் தோட்டத்துக் கிளாக்கர். அவர் தோளுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடை வாய் பிளந்து தொங்கியது. மீனாம்பாள் அதற்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கிளாக்கர் இறங்கினார். வெளியே மழை. பாவம், அவர் குடையை விரித்தார்.

அன்றிலிருந்து முப்பது வருஷம் மீனாம்பாளுக்கு வளைவு ஒத்துக்கொள்ளவில்லை.

"அது வளைவுக்கு இல்லீங்க. அப்ப வயித்துல ஜனார்த்தனன் இருந்தான்."

"அவன் இருந்தான், சரி. வளைவும் இருந்துச்சில்ல?"

அந்த ஜனார்த்தனன் கொழும்பில் வேலைக்குப் போய், தலையும் வழுக்கையாகிவிட்டது. மீனாம்பாள் மட்டும் இன்னும் கடலைப் பார்க்கவில்லை. சுற்றிவரக் கடலுள்ள நாட்டில், மலையிலிருந்து குழாயில் கொட்டும் பீலித் தண்ணீரை விடப் பெரிய தண்ணீரை அவள் கண்டதில்லை.

திருகோணமலை வேனை ஏற்பாடு செய்தது கருப்பாயி. மேல் லயத்துக்காரி. மாதர் சங்கத் தலைவி. அவள் குரல் கேட்டால் நாய்கூட வரிசையில் நிற்கும். முழுக்கப் பொம்பளை வேன் என்று அறிவித்துவிட்டாள். ஆம்பளை என்று பார்த்தால் டிரைவர் மஷூர் மட்டும்தான். அங்கேதான் தம்பையா ஊசி நுழைய இடம் கண்டார்.

"தங்கச்சி, திருகோணமலையில ஈஸ்வரன் மட்டுமில்ல, பத்ரகாளியும் இருக்கா. பொல்லாத கோவக்காரி. ஆளுக்கொரு கலர்ல போய் நின்னா சும்மா வுடுவாளா? எல்லாரும் மஞ்ச ஜாக்கெட்டு போடணும். மஞ்ச இல்லாத ஆள வேன்லயே ஏத்தப்படாது."

கருப்பாயிக்கு அது பிடித்துப் போயிற்று. சட்டம் போடுவதென்றால் அவளுக்குச் சக்கரைப் பொங்கல்.

"அத்தன பேருக்கும் யாருண்ணே தைக்கிறது? பௌர்ணமிப் போயா கழிஞ்சதும் பயணமாச்சே."

"நா எதுக்கு இருக்கேன்? கூலி கீலி ஒன்னும் வேணாம். ஒரே ஒரு சீட்டு. ஜன்னலோரமா."

கருப்பாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. ஆனா சட்டம்னா சட்டம். நீங்களும் மஞ்சதான்."

"பின்ன? ஒரே துணியில எனக்கும் ஒரு அரைக்கை சேட்டு தச்சுக்கிறேன்."

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னார்.

"பொம்பளைங்க வேன்தானே? அப்ப நானும் வரலாமே" என்றாள் மீனாம்பாள்.

"எடமில்ல மீனா. ஒரு சீட்டுதான் பாக்கி. அதுவும் தையக்காரனுக்கு. அதோட, வளைவு."

"அங்கிட்டெல்லாம் ரோடு நேரா கெடக்குமாமே. துணிக்கடைப் பளீல் நானா சொன்னாரு."

"நேரான ரோட்டுக்குப் போறதுக்கு வளைவான ரோட்டுலதானே போவணும்?"

மீனாம்பாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "சரிங்க. நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள்.

இந்த இடத்தில் தம்பையா பயந்திருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் 'சரிங்க' சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் பயப்படவில்லை. மெசின் பொபினில் மஞ்சள் நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டார்.

கடை வீதியில் பளீல் நானாவின் துணிக்கடையில் மஞ்சள் துணி வெட்டிக் கொடுத்தார்கள். பொம்பளைகள் ஆளுக்கொரு பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துவிட்டார்கள். தம்பையா டேப் பிடித்து அளவெடுக்க மாட்டார். அது அவர் கொள்கை. அளவு ஜாக்கெட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். உடம்பை மட்டுமல்ல, குணத்தையும் சேர்த்துச் சொல்வார். "முதுகப் பாத்தே மூஞ்சியச் சொல்லுவேன்" என்பார். மெசின் ஓடிய ஓட்டத்தில் லயத்துச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

எல்லாம் முடிந்து, கடைசியாகத் தன் சேட்டுத் துணியை மேசையில் விரித்து, கோடு போடச் சோக்கட்டியைக் கையில் எடுத்த நேரம் கருப்பாயி வந்தாள். கையில் இன்னொரு அளவு ஜாக்கெட்டு.

"பாஸண்ணே, ஒன்னு வுட்டுப் போச்சு."

"இன்னும் ஒன்னா? துணி?"

"பளீல் நானாகிட்ட கேட்டேன். கட்டு முடிஞ்சி போச்சாம். இரத்தினபுரியிலயும் அந்த மஞ்ச இல்லியாம்." அவள் கண் மேசைக்குப் போனது. "ஒங்க சேட்டுத் துணிதான் மிச்சம்."

"அடியே, வெளையாடுறியா?"

"அந்த அக்கா வரலன்னா வேனே கெளம்பாதுண்ணே. வழிக்குப் புளிச்சோறு கட்டப் போறது அவங்கதான். சட்டம் போட்டது நீங்க. அவங்கள மட்டும் மஞ்ச இல்லாம ஏத்தினா காளி யாரக் கேப்பா? என்னயா, ஒங்களயா?"

காளி தன்னைத்தான் கேட்பாள் என்று தம்பையாவுக்குப் பட்டது. வேன் கிளம்பாவிட்டால் சீட்டு ஏது? கருப்பாயி போனதும் அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே அந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்தார். மீனாம்பாள் பிளேன்டீயோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பாரு மீனா, இது எவன் தச்சது? ஆடு மேய்க்கிறவன் தச்ச மாதிரி இருக்கு."

"யாரோ வெளியூர் டைலராம்."

"இடது தோளப் பாத்தியா? எறங்கிக் கெடக்கு. காலம் பூரா தண்ணி வாளி தூக்கின தோளு. கக்கத்துல ரெண்டு பக்கமும் கிழிஞ்சி தச்சிருக்கு. கைய நீட்டி நீட்டிப் பேசுற பொம்பள. வாயாடி."

"அப்படியாங்க?"

"முதுகுல ஒட்டுப் போட்டு, ஒட்டு மேல ஒட்டுப் போட்டு உடுத்தியிருக்கா. இவ புருஷன் சரியான கஞ்சப்பய. எழுதி வச்சுக்க. வருஷத்துக்கு ஒரு துணி எடுத்துக் குடுத்திருக்க மாட்டான். எங்கயும் கூட்டிட்டுப் போயிருக்கவும் மாட்டான். வெளிய போறவ ஜாக்கெட்டு இப்படியா இருக்கும்?"

"ஆமாங்க" என்றாள் மீனாம்பாள். "அப்படிப்பட்ட ஆளாத்தான் இருப்பான்." டீக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கஞ்சப்பயல் மீது வந்த கோபத்தில் தம்பையாவுக்கு அந்த முகம் தெரியாத பொம்பளை மேல் இரக்கம் பொங்கிவிட்டது. தன் சேட்டுத் துணியை வெட்டினார். இறங்கிய தோளுக்கு உள்ளே ஒரு மெல்லிய மடிப்பு வைத்து, இரண்டும் சமமாகத் தெரியும்படி தூக்கிக் கொடுத்தார். கக்கத்தில் கை நீட்டிப் பேச இடம் விட்டார். அவர் வாழ்நாளில் தைத்ததிலேயே சிறந்த ஜாக்கெட்டு அதுதான்.

சேட்டு போச்சு. இனி மஞ்சளுக்கு எங்கே போவது?

"கவலப்படாதீங்க" என்றாள் மீனாம்பாள். "ஒங்க வெள்ளத் துண்ட மஞ்சத் தண்ணியில நனைச்சு வைக்கிறேன். தோள்ல போட்டுக்கிட்டா போதாதா?"

தம்பையா நெகிழ்ந்து போனார். விட்டுவிட்டுப் போகிற புருஷனுக்குத் துண்டுக்குச் சாயம் போடுகிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்? வரும்போது அவளுக்கு ஒரு போத்தலில் கடல் தண்ணீர் கொண்டுவந்து காட்டுவது என்று தீர்மானித்துக்கொண்டார். பெரிய போத்தல்.

அன்று பின்னேரமே கடை வீதிக்குப் போய், மஷூரின் வேனில் இடம் பிடித்தார். நம் ஊரில் இடம் பிடிப்பதென்றால் வாயால் அல்ல, பொருளால். தானே தைத்த பிரயாணப் பையை ஜன்னல் வழியாக விட்டு, டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் வைத்தார். சாதாரணப் பையா அது! சீப்புக்கு ஒரு பொக்கட், வெற்றிலைக்கு ஒன்று, டோர்ச்சுக்கு ஒன்று, வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு கள்ளப் பொக்கட் வேறு.

"ஹரி, சரி பாஸ், ஒங்கட பேக் இரிக்கிற எடத்துல வேற ஆள் இரிக்க ஏலுமா? நான் பாத்துக்கொள்றேன்" என்றான் மஷூர்.

விடிந்தபோது வீடெல்லாம் புளிச்சோற்று வாசம். தனக்குத்தான் கட்டி வைத்திருக்கிறாள் என்று தம்பையா படுத்தபடியே சிரித்துக்கொண்டார். எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். பீலிக்குப் போயிருப்பாள். அழுகையை மறைக்கப் போயிருப்பாள், பாவம். குளித்து வெள்ளைச் சேட்டு மாட்டி, கொடியில் துண்டை எடுக்கக் கை நீட்டினார்.

துண்டு சிவப்பாகத் தொங்கியது. செங்கல் சிவப்பு.

மஞ்சள் நனைத்த துணியில் சவுக்கார நுரை பட்டால் என்னவாகும் என்று துணி துவைக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். தம்பையா துணி தைப்பவர். துவைப்பவர் அல்ல. தூரத்தில் வேன் ஹோர்ன் அடித்தது. வேறு வழியில்லை. சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

வேன் நிறைய மஞ்சள். எல்லாம் அவர் கைவேலை. சூரியகாந்தித் தோட்டம் ஒன்று ரோட்டோரம் வந்து நின்றதுபோல இருந்தது. வாசலை மறித்துக்கொண்டு கருப்பாயி நின்றாள்.

"என்ன பாஸண்ணே, மே தின ஊர்வலத்துக்கா?"

உள்ளே ஒரே சிரிப்பு.

"மஞ்சதான் தங்கச்சி! சவுக்காரம் பட்டுப் போச்சு! மோந்து பாரு, மஞ்ச வாசம் வருதா இல்லியா?"

"காளிக்குக் கண்ணுதாண்ணே பெருசு. மூக்கு இல்ல. மஞ்ச இல்லாத ஆள ஏத்தப்படாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"என் சீட்டு! என் பை இருக்கு அங்க!"

"பை பத்திரமா இருக்கு. ஆளும் வந்து ஒக்காந்தாச்சு."

தம்பையா ஓடிப்போய் ஜன்னலைப் பார்த்தார். டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரத்தில், அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய சேட்டுத் துணியை உடுத்திக்கொண்டு மீனாம்பாள் உட்கார்ந்திருந்தாள்.

தோள் இரண்டும் சமமாக இருந்தன. ஒரு சுருக்கம் இல்லை. கக்கத்தில் ஒரு இழுப்பு இல்லை. அவர் சீட்டைப் பார்த்தாரா, ஜாக்கெட்டைப் பார்த்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பழைய ஜாக்கெட்டு வருஷக்கணக்கில் அவர் தலைக்கு மேலே கொடியில்தான் காய்ந்திருக்கிறது. ஒரு நாள்கூட அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்ததில்லை.

"மீனா... ஒனக்கு வளைவு..."

மீனாம்பாள் பையின் கள்ளப் பொக்கட்டுக்குள் கையை விட்டாள். ஒன்றன் பின் ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழம் வந்தது. ஒன்றை மூக்கில் வைத்து மோந்தாள்.

"பஸ்ஸுல போறப்ப இத மூக்குல வச்சுக்கிட்டே போறது யாருங்க? வளைவு ஒத்துக்காதது எனக்கா, ஒங்களுக்கா?"

வேன் குலுங்கியது, சிரிப்பால். மஷூர் இஞ்சினைக் கிளப்பினான். "யமு, யமு, போவம்! கடலுக்கு நேரமாகுது!"

சக்கரம் உருண்டது. தம்பையா சிவப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு ஓடினார். மீனாம்பாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். கையையும் நன்றாக நீட்டினாள். கக்கத்தில் அவர் விட்ட இடம் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

"ஏங்க, இந்த ஜாக்கெட்டுக்காரியோட புருஷன், அந்தக் கஞ்சப்பயல எங்கயாச்சும் பாத்தீங்கன்னா, புளிச்சோறு அடுப்பு மேல இருக்குன்னு சொல்லிருங்க!"